ஆனைக்கொய்யாவில் ஆனை எங்கே?

சாரல் காலத்தில் குற்றாலம் போயிருக்கிறீர்களா? பேரருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு கடைத்தெருவுக்கு வந்தால் முதலில் கண்ணில் படுவன பழக்கடைகள்தாம். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியான் என்று நம் ஊர்ச் சந்தைகளில் எளிதில் கிடைக்காத பழங்கள் அங்கே குவிந்து கிடக்கும். அவற்றுக்கு நடுவே, பேரிக்காய் வடிவத்தில், பச்சைத் தோலோடு, பார்ப்பதற்கு அவ்வளவாக அழகில்லாத ஒரு பழமும் இருக்கும். 'இது என்ன பழம், அக்கா?' என்று கடைக்கார அம்மாளைக் கேளுங்கள். 'பட்டர் புரூட்டு' என்பார். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, 'வெண்ணெய்ப்பழம்' என்றும் சேர்த்துச் சொல்வார்.

இப்போது அந்தக் கடை முன்னால் இன்னும் சிலர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை வழியாகக் கேரளத்திலிருந்து வந்த குடும்பத்தார் அதை 'வெண்ணப்பழம்' என்கிறார்கள். கல்லூரி மாணவர் ஒருவர் 'அவகேடோ' என்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரியவரோ, 'எங்கள் பக்கத்தில் இதை ஆனைக்கொய்யா என்போம்' என்கிறார்.

இந்தக் கடைசிப் பெயர்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. என் தங்கை மகள் தென்காசியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். இலங்கையில் அச்சான தமிழ்ப் புத்தகம் ஒன்றில் 'ஆனைக்கொய்யா' என்ற சொல்லைப் படித்துவிட்டு, தன் குறிப்பேட்டில் 'கொய்யாவில் ஒரு வகை, காய் பெரியது' என்று எழுதி வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? சொல்லைப் பிரித்தால் அந்தப் பொருள்தானே வருகிறது! ஆனால் கொய்யாவுக்கும் வெண்ணெய்ப்பழத்துக்கும் தாவரவியலில் நெருங்கிய உறவு ஏதும் இல்லை. 'அப்படியானால் கொய்யா எப்படி உள்ளே வந்தது, மாமா? ஆனை எங்கிருந்து வந்தது?' என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் சுற்று வழி. மெக்சிகோ வரை போய்த் திரும்ப வேண்டும்.

புதிதாக வந்ததற்குப் பெயர்

புதிய பொருள் ஒன்று ஊருக்குள் வந்தால் மக்கள் அதற்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள்? கொண்டுவந்தவர் சொன்ன ஒலியையே தம் நாக்குக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்வது ஒரு வழி. துரியான், ரம்புட்டான் ஆகியவை அப்படி வந்தவை. மலாய் மொழியில் 'டுரி' என்றால் முள். முள் உடையது துரியான். 'ரம்புட்' என்றால் மயிர். மயிர் உடையது ரம்புட்டான். கடைத்தெருவில் அது 'ரம்டான்' என்றும் தேய்ந்துவிட்டது. மங்குஸ்தானும் மலாய் நாட்டுச் சொல்லே. இந்துஸ்தானத்துக்கும் அதற்கும் தொடர்பு ஏதும் இல்லை.

இத்தகைய அயல் மரங்கள் குற்றாலத்துக்குப் புதியவை அல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே வாசனைப் பயிர்த் தோட்டம் அமைத்து, ஜாதிக்காய், கிராம்பு, பட்டை முதலியவற்றை வளர்த்துப் பார்த்தார்கள். 1830களில் ராபர்ட் வைட் என்ற தாவரவியல் அறிஞர் இந்த மலையின் செடிகொடிகளை ஆராய்ந்து எழுதினார். இன்றும் இங்குள்ள அருவிகளில் ஒன்றுக்குப் பழத்தோட்ட அருவி என்றே பெயர்.

இரண்டாவது வழி, தெரிந்த பெயர் ஒன்றை எடுத்து அதன் முன்னால் ஓர் அடைமொழியை ஒட்டுவது. தமிழருக்கு இது கைவந்த கலை. தென்காசியையே பாருங்கள். கங்கைக் கரையில் ஒரு காசி. தெற்கே 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் விசுவநாதருக்குக் கோயில் எடுத்த இடம் தென்காசி. அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர் மேற்கே வந்தால் குற்றாலநாதர் கோயில். அதன் தல மரம் குறும்பலா, அதாவது சிறிய பலா. ஞானசம்பந்தர் காலத்திலேயே அந்தப் பெயர் இருந்தது; அவர் குறும்பலாவுக்கென்றே தனிப் பதிகம் பாடியிருக்கிறார். அமெரிக்கக் கண்டத்திலிருந்து காரமான ஒரு காய் வந்து சேர்ந்தபோது, நம் மலைகளில் விளைந்த மிளகை நினைத்து அதை 'மிளகாய்' என்றார்கள். தக்காளி என்பதும் முன்பு இங்கேயே விளைந்த சிறு பழம் ஒன்றின் பெயர். இன்றைய தக்காளி வந்தபோது அது சீமைத் தக்காளி. பிறகு புதியது பெருகிப் பழையது ஒதுங்கிவிட, 'சீமை' உதிர்ந்துபோயிற்று.

ஆனைக்கொய்யாவும் இந்த இரண்டாவது வகைப் பெயர் போலத்தான் தோன்றும். ஆனால் அதற்குள் முதல் வகையும் ஒளிந்திருக்கிறது.

மெக்சிகோவில் பற்கள் முளைத்த மரம்

வெண்ணெய்ப்பழத்தின் தாயகம் மெக்சிகோவும் அதை அடுத்த நடு அமெரிக்க நாடுகளும். அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் இதைத் தின்று வந்திருக்கிறார்கள். ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்ல் மொழியில் இதன் பெயர் 'ஆவக்கட்ல்'. கடைசியிலுள்ள 'ட்ல்' பெயர்ச்சொல்லுக்கு வரும் விகுதி. இந்த மரம் மிகுந்த ஊருக்கு 'ஆவகட்லான்' என்று பெயர். 1540களில் தொகுக்கப்பட்ட மெண்டோசா சுவடியில் அந்த ஊரின் பெயரை எழுத்தால் எழுதாமல் படமாகவே வரைந்திருக்கிறார்கள். ஒரு மரம், அதில் பற்கள்! அந்த மொழியில் பல்லைக் குறிக்கும் சொல் 'ட்லான்' என்று தொடங்கும். 'ட்லான்' என்ற ஊர் விகுதியின் ஒலியைக் காட்டுவதற்காகவே பல்லை வரைந்தார்கள். விடுகதைப் படம் போல இல்லையா?

விரையைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் பழத்துக்குப் பெயர் வந்தது என்று பல நூல்களில் படித்திருப்பீர்கள். அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். பழத்தின் பெயர்தான் முதன்மை. வடிவத்தைப் பார்த்து மறைமொழியாக அதைப் பின்னர் வேறு பொருளில் ஆண்டார்கள். எல்லா மொழியிலும் காய்களுக்கு நேரும் கதிதான் இது.

ஸ்பானியர் மெக்சிகோவுக்கு வந்தார்கள். 'ட்ல்' என்ற முடிவு அவர்கள் வாயில் நுழையவில்லை. அதை 'தே' ஆக்கினார்கள். 'தொமட்ல்' என்பது 'தொமாத்தே' ஆயிற்று. ஆங்கிலத்தின் டொமேட்டோ அதிலிருந்து வந்தது. 'ஸபொட்ல்' என்பது 'ஸபோத்தே' ஆயிற்று. நம் சப்போட்டா அதன் பேரப்பிள்ளை. அதே முறையில் 'ஆவக்கட்ல்' என்பது 'அகுவக்காத்தே' ஆயிற்று. இன்றும் மெக்சிகோவில் அந்தப் பெயர்தான். இப்போது நகரத்து உணவு விடுதிகளில் 'குவாக்கமோலே' என்று பரிமாறுகிறார்களே, அதில் 'மோல்லி' என்பது கூட்டு, துவையல் போன்ற பக்குவத்தைக் குறிக்கும் நாவாட்ல் சொல். வெண்ணெய்ப்பழத் துவையல் என்று கேட்டு வாங்கினாலும் தவறில்லை.

தென் அமெரிக்காவில் கதை வேறு. பெரு, சிலி, அர்ஜென்டினா நாடுகளில் இதன் பெயர் 'பால்டா'. பால்டா மக்களின் நாட்டை இன்கா மன்னர் வென்றபோது இந்த மரத்தைத் தம் நாட்டு வெப்பப் பள்ளத்தாக்குகளுக்குக் கொண்டுவந்தார் என்று 1609இல் கார்சிலாசோ தெ லா வேகா எழுதிவைத்தார். அந்தக் கிளையை இங்கேயே விட்டுவிடுவோம்.

வக்கீலும் முதலையும்

அகுவக்காத்தே என்பதும் ஸ்பானியர் காதுக்குப் புரியாத ஒலிதான். புரியாத சொல்லைக் கேட்டால் மனிதர் என்ன செய்வார்கள்? தமக்குத் தெரிந்த சொல் ஒன்றின் சாயலில் அதை மாற்றிக்கொள்வார்கள். அக்கால ஸ்பானிய மொழியில் வழக்கறிஞருக்கு 'அவொகாதோ' என்று ஒரு சொல் இருந்தது. பழமும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டது! பழத்துக்கும் நீதிமன்றத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒலி மட்டும்தான் ஒற்றுமை. பிரெஞ்சு மொழியில் இன்றும் 'அவொக்கா' என்றால் வக்கீலும் உண்டு, வெண்ணெய்ப்பழமும் உண்டு. இந்தோனேசியர் அதை 'அல்புகாட்' என்பது, டச்சுக்காரரின் வக்கீல் சொல்லிலிருந்து வந்தது.

ஆங்கிலத்தில் இந்தப் பழத்தை விரிவாக எழுதியவர்களில் முன்னோடி, கடலோடியான வில்லியம் டாம்பியர். 1697இல் வெளியான தம் பயண நூலில் 'அவகாட்டோ பேரி' என்ற பொருளில் எழுதினார். வடிவம் பேரிக்காயைப் போன்றதால் பேரி. அடுத்த நூற்றாண்டுக்குள் 'அவகாட்டோ' இன்னும் திரிந்து 'அலிகேட்டர் பியர்' ஆகிவிட்டது. அலிகேட்டர் என்பது அமெரிக்க முதலை. தோல் பச்சையாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது அந்தப் பெயருக்கு வசதியாயிற்று. அந்த முதலையின் பெயரும் அசல் ஆங்கிலமன்று. 'பல்லி' என்ற பொருளுடைய 'எல் லகார்த்தோ' என்ற ஸ்பானியத் தொடரைக் கேட்டு ஆங்கிலேயர் குழப்பிக்கொண்டதுதான்.

முதலைப் பெயர் வியாபாரத்துக்கு ஆகவில்லை. 1915இல் கலிபோர்னியாவில் இதைப் பயிரிட்டோர் சங்கம் அமைத்தபோது, அகுவக்காத்தேயையும் அலிகேட்டரையும் தள்ளிவிட்டு 'அவகாடோ' என்பதையே தங்கள் சங்கத்தின் பெயரில் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதற்கு முன்பே முதலை கடல் கடந்து கீழை நாடுகளுக்கு வந்துவிட்டது. சீன மொழியில் இன்றும் இதற்கு இரண்டு பெயர்கள்: ஒன்றின் பொருள் முதலைப் பேரி, மற்றொன்று வெண்ணெய்ப்பழம்.

இலங்கையில் நடந்த மாற்றம்

ஆங்கிலேயர் ஆண்ட இலங்கையிலும் இது அலிகேட்டர் பியர்தான். சிங்களர் அதைக் கேட்டார்கள். அவர்கள் மொழியில் 'அலியா' என்றால் யானை; கூட்டுச்சொல்லில் 'அலி' என்று நிற்கும். அடுத்து 'பியர்'. சிங்களத்தில் 'பேர' என்றொரு சொல் முன்பே இருந்தது. அதன் பொருள் பேரிக்காய் அன்று, கொய்யா!

இங்கே ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். போர்த்துகீசியர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். அவர்கள் மொழியில் பேரிக்காய்க்குப் 'பேரா' என்று பெயர். அமெரிக்கக் கண்டத்துக் கொய்யா ஆசியாவுக்கு வந்தபோது, அதன் வடிவத்தைப் பார்த்துப் பேரியின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். நம் பக்கத்து வீட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாய் வழியே இறங்கினால், அங்கே கொய்யாவை 'பேரய்க்கா' என்பார்கள். அதே போர்த்துகீசியச் சொல்தான். தமிழில் மட்டும் 'பேரி' பேரியாகவே நின்றுவிட்டது. கொய்யாவுக்கு அமெரிக்கப் பெயரின் சாயலிலேயே பெயர் அமைந்தது.

ஆக, 'அலிகேட்டர் பியர்' சிங்களத்தில் 'அலிகெட பேர' ஆயிற்று. முதலை போய் யானை வந்தது. பேரி போய்க் கொய்யா வந்தது. இதை அப்படியே தமிழில் சொல்லிப் பாருங்கள். அலி என்பது ஆனை, பேர என்பது கொய்யா, ஆனைக்கொய்யா! இலங்கைத் தமிழர் வழங்கும் பெயர் இந்தச் சிங்களப் பெயரின் மொழிபெயர்ப்பு என்றே நான் கொள்கிறேன்.

ஒரு மறுப்பு எழலாம். பெரியதைக் குறிக்க 'ஆனை' என்று சொல்லுவது தமிழ் வழக்கம்தானே? ஆனைநெருஞ்சி, ஆனைப்புளி என்றெல்லாம் இருக்கின்றனவே? உண்மை. அந்த வழக்கம் இருந்ததால்தான் புதுப் பெயர் தடையின்றி ஒட்டிக்கொண்டது. ஆனால் 'கொய்யா' என்ற பகுதிக்கு என்ன விளக்கம் சொல்வது? வெண்ணெய்ப்பழத்தில் கொய்யாவின் மணம் இல்லை. நிறைய சிறு விதைகள் இல்லை, உள்ளே ஒரே ஒரு பெரிய கொட்டைதான். சதையும் வேறு, சுவையும் வேறு. பழத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தவருக்குக் கொய்யா நினைவு வந்திருக்க வேண்டியதில்லை. சிங்களப் பெயரில் கொய்யா இருந்ததால் தமிழிலும் இருக்கிறது.

ஒரு சொல்லின் பிறப்பை ஆராயும்போது ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பக் கூடாது. பொருள் எந்த வழியாக வந்தது, எந்த ஆண்டில் எந்த மொழியில் எழுத்தில் ஏறியது, அந்த மொழியில் மற்றச் சொற்களும் அதே முறையில் மாறினவா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அவகாடோவைத் தமிழாக்க எனக்கு ஒரு நிமிடம் போதும்: அவம் + காடு, பயனற்ற காட்டில் விளைந்தது! என் தங்கை மகள் இதைக் கேட்டுச் சிரித்தாள். ஆனால் இதைவிடக் கடினமான சொற்களுக்கு இதைவிட எளிதாக விளக்கம் சொல்லும் மேடைப் பேச்சுகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வக்கீலைப் பழத்துக்குள் புகுத்திய ஸ்பானியர் செய்ததும் இதுவே.

பழம் வந்தது, பெயர் வரவில்லை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மரம் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. கீழ்ப் பழனி மலை, நீலகிரியின் கீழ்ச் சரிவுகள், குடகு, வயநாடு ஆகிய பகுதிகளில் காப்பித் தோட்டங்களுக்கு இடையே பரவியது. திண்டுக்கல் மாவட்டம் தடியன்குடிசையிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 'டி.கே.டி. 1' என்ற இரகத்தையும் வெளியிட்டிருக்கிறது. மரம் இலங்கையிலிருந்து வந்தும், ஆனைக்கொய்யா என்ற பெயர் பாக் நீரிணையைத் தாண்டவில்லை. இங்கே தோட்டக்காரர் பேசிய ஆங்கிலத்தில் இது 'பட்டர் புரூட்'. அதிலிருந்து வெண்ணெய்ப்பழம், கன்னடத்தில் 'பெண்ணெ ஹண்ணு', இந்தியில் 'மக்கன் பல்'. எல்லாம் வெண்ணெயே. வியத்நாமியரும் வெண்ணெயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லைத் தேய்த்து இதற்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பெயருக்கு நல்ல ஆதாரம் உண்டு. பழச் சதையில் ஏறக்குறைய 15 விழுக்காடு கொழுப்பு. வேறு பழங்களில் பெரும்பாலும் ஒரு விழுக்காடுகூட இராது. அதிலும் பெரும்பகுதி ஒலியிக் அமிலம், ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருப்பதும் அதுவே. 1519இல் இந்தப் பழத்தைப் பற்றி முதன்முதலில் எழுதிய ஐரோப்பியரான மார்ட்டின் பெர்னாண்டஸ் தெ என்சிசோவே, உள்ளிருப்பது வெண்ணெய் போன்றது என்றுதான் எழுதினார். டாம்பியரும் வெண்ணெயைத்தான் உவமை சொன்னார். குற்றாலத்து அம்மாள் அவர்களைப் படித்தவர் அல்லர். கத்தியால் கீறிக் காட்டினால் யாருக்கும் தோன்றுவது அதுவே.

உறவு முறையையும் சொல்லிவிடுகிறேன். வெண்ணெய்ப்பழம் இலவங்கப் பட்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது. மெக்சிகோ வகை மரத்தின் இலையைக் கசக்கினால் சோம்பு மணம் வீசும். மேற்குத் தொடர்ச்சி மலையில் கொலமாவு என்றொரு மரம் இயல்பாக வளர்கிறது. அதன் பட்டைப் பொடியை ஊதுவத்தி மாவு ஒட்டிக்கொள்வதற்காகச் சேர்ப்பார்கள். அது இந்த மெக்சிகோக்காரருக்கு நெருங்கிய பங்காளி. கம்பெனியார் குற்றாலத்தில் நட்ட பட்டை மரமும் ஒரு வகையில் உறவே. இதற்கு நேர்மாறாகச் சப்போட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் 'சீமை இலுப்பை' என்றும் தமிழில் பெயர் உண்டு. தாவரவியலார் சப்போட்டாவையும் இலுப்பையையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை இட்டவர்கள் கொட்டையையும் பாலையும் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். ஆகவே மக்கள் இட்ட பெயரெல்லாம் தவறு என்று தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

'அப்படியானால் ஆனை வெறும் காதுப் பிழைதானா?' என்று என் தங்கை மகள் சற்று ஏமாற்றத்தோடு கேட்டாள். பெயரைப் பொறுத்தவரை அப்படித்தான். ஆனால் அவளுக்கு வேறொரு செய்தி வைத்திருந்தேன். 1982இல் டேனியல் ஜான்சன், பால் மார்ட்டின் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். நடு அமெரிக்காவின் சில பெரிய பழங்களை முழுதாக விழுங்கி விதையைத் தொலைவில் போடக்கூடிய விலங்கு எதுவும் இன்று அங்கே இல்லை. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன பெருவிலங்குகளே அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். பின்வந்தோர் வெண்ணெய்ப்பழத்தையும் அந்தப் பழங்களோடு சேர்த்தார்கள். இவ்வளவு பெரிய கொட்டையை விழுங்கக்கூடியவை என்று அவர்கள் காட்டும் விலங்குகளில் தரையில் வாழ்ந்த இராட்சதத் தேவாங்கினமும் உண்டு. கோம்போதீர் என்ற தும்பிக்கை விலங்கும் உண்டு. கோம்போதீர் யானைக்கு உறவு! இந்தக் கருத்தில் இன்னும் விவாதம் நடக்கிறது. இலங்கையில் பெயர் இட்டவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியே இல்லை.

அவள் குறிப்பேட்டில் 'கொய்யாவில் ஒரு வகை' என்பதை அடித்துவிட்டு, 'இலவங்கக் குடும்பம். இலங்கையில் ஆனைக்கொய்யா, இங்கே வெண்ணெய்ப்பழம்' என்று எழுதிக்கொண்டாள். இரண்டு பெயரையும் வைத்துக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சி. அந்த வாரமே அவளை அழைத்துக்கொண்டு குற்றாலம் போனேன். கல்லாய் இருந்த இரண்டு காய்களை வாங்கினோம். இது மரத்தில் பழுக்காது, பறித்த பின்தான் பழுக்கும். வாழைப்பழத்தோடு சேர்த்து மூடி வைத்தால் விரைவில் கனியும். கடையில் விலை எழுதித் தொங்கவிட்டிருந்த அட்டையைக் காட்டி அவள் என் கையைச் சுரண்டினாள். சாக்பீசால் பெரிதாக எழுதியிருந்தது: 'அவகோடா'.